விமான நிலையச் சோதனைகளும் கணிப்பொறித் தடங்கல்களும்

2024-ம் ஆண்டு ஜூலை 19-ம் தேதி, வெள்ளிக்கிழமை, நமது நாட்டின் விமான நிலையங்கள் பலவற்றில் பயணிகளுக்குப் பேனாவினால் எழுதப்பட்ட போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன. பெயர், விமான எண், இருக்கை எண் ஆகியவற்றை விமான நிறுவன ஊழியர்கள் ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியே எழுதிக் கொடுத்தனர். கைப்பேசியின் திரையைக் காட்டி உள்ளே செல்லப் பழகிவிட்ட பயணிகளுக்கு அது விந்தையாகத் தோன்றியது.

அன்று நடந்தது இதுதான். கணிப்பொறிகளைப் பாதுகாப்பதற்கென்று கிரௌட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தயாரித்த மென்பொருளுக்கு, இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு திருத்தம் அனுப்பப்பட்டது. அத்திருத்தத்தில் இருந்த பிழையினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. பிழையான திருத்தம் 78 நிமிடங்களுக்குள் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் இந்திய விமான நிறுவனங்களின் கணிப்பொறி அமைப்புகள் வழக்க நிலைக்குத் திரும்பியதாக மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பின்னரே அமைச்சகம் அறிவிக்க முடிந்தது. இண்டிகோ நிறுவனம் மட்டும் சுமார் 200 விமானங்களை ரத்து செய்தது.

பிழை நீடித்தது 78 நிமிடங்கள். அதன் விளைவு நீடித்ததோ கிட்டத்தட்ட ஒரு முழு நாள். இவ்விரண்டிற்கும் இடையே இத்தனை பெரிய வேறுபாடு ஏன் ஏற்படுகிறது, அதைக் குறைக்க நிர்வாகம் என்ன செய்யலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை, குடியேற்றச் சோதனை, நம்பகப் பயணியருக்கான இணைய சேவைகள் ஆகியவை நாளுக்கு நாள் கணிப்பொறியைச் சார்ந்து வருவதால், இக்கேள்வி வல்லுநர்களுக்கு மட்டும் உரியதன்று.

சோதனையின் அடுக்குகள்

விமான நிலையத்தில் பயணி ஒருவர் கடக்கும் சோதனைகளை மூன்றாகப் பிரித்துக் காணலாம். அவர் யார், அவருக்குப் பயணச் சீட்டு உண்டா என்று பார்ப்பது முதலாவது. அவருடைய உடலிலோ உடைமைகளிலோ ஆபத்தான பொருள் உள்ளதா என்று பார்ப்பது இரண்டாவது. வெளிநாடு செல்பவராயின், நாட்டை விட்டுச் செல்லவோ நாட்டிற்குள் வரவோ அவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது மூன்றாவது.

இம்மூன்றும் ஒரே அதிகாரத்தின் கீழ் இல்லை. பாதுகாப்பு விதிகளை வகுப்பது சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம். 1976 செப்டம்பர் 10 அன்று இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடத்தப்பட்டதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட பாண்டே குழுவின் பரிந்துரைப்படி, 1978 ஜனவரியில் இது தலைமை இயக்ககத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது. 1987 ஏப்ரல் 1 முதல் தனித்துறையாயிற்று. பெரும்பாலான முக்கிய விமான நிலையங்களில் பயணிகளைச் சோதிப்பது மத்திய தொழிற்பாதுகாப்புப் படை. 1999 டிசம்பரில் நடந்த காந்தஹார் விமானக் கடத்தலுக்குப் பின்னர், 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி இப்பொறுப்பு அப்படையிடம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது. குடியேற்றச் சோதனை உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள குடியேற்றப் பணியகத்தைச் சார்ந்தது. கட்டடமும் பெரும்பாலான கருவிகளும் விமான நிலையத்தை நடத்தும் நிறுவனத்திற்கு உரியவை. பயணிகளின் பட்டியல் விமான நிறுவனத்தின் கையில் உள்ளது. ஆகவே ஒரு கணிப்பொறி நின்றால், அதன் விளைவை ஐந்து அமைப்புகள் பகிர்ந்துகொள்ள நேரிடுகிறது.

சர்வதேச விதிகளிலும் இந்தப் பன்முகத் தன்மையைக் காணலாம். 1944-ம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 9-வது இணைப்பு, பயணிகள் தடையின்றி விரைவாகச் செல்வதற்கான வசதிகளைப் பற்றியது, 1949-ல் ஏற்கப்பட்டது. 17-வது இணைப்பு பாதுகாப்பைப் பற்றியது; கடத்தல்கள் பெருகிய பின்னர் 1974-ல் ஏற்கப்பட்டது. ஒன்று விரைவை வேண்டுகிறது. மற்றொன்று விழிப்பை வேண்டுகிறது. சாதாரண நாட்களில் கணிப்பொறி இவ்விரண்டையும் இணக்கமாக வைத்திருக்கிறது. கணிப்பொறி நிற்கும் நாளில்தான் இரண்டும் மோதுகின்றன.

விரைவுக்கான புதிய வசதிகள்

2024-ம் ஆண்டில் நமது உள்நாட்டு விமானங்களில் 16 கோடிக்கும் அதிகமானோர் பயணம் செய்தனர். இத்தனை பேரையும் பழைய முறையிலேயே ஒவ்வொருவராக நிறுத்தி, ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து அனுப்புவது இயலாது. எனவே இரண்டு முக்கிய வசதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன.

முதலாவது டிஜி யாத்ரா. 2019-ல் லாபநோக்கற்ற நிறுவனமாக அமைக்கப்பட்ட டிஜி யாத்ரா அறக்கட்டளை இதை நடத்துகிறது. 2022 டிசம்பர் 1 அன்று தில்லி, பெங்களூரு, வாராணசி ஆகிய விமான நிலையங்களில் இது தொடங்கப்பட்டுப் பின்னர் பிற நிலையங்களுக்கு விரிவாக்கப்பட்டது. பயணியின் முகமே அவருடைய அடையாளமாகவும் போர்டிங் பாஸாகவும் பயன்படுகிறது. பயணியின் விவரங்கள் அவருடைய கைப்பேசியிலேயே இருக்கும். பயணத்தின் பொருட்டு விமான நிலையத்துடன் பகிரப்படுபவை, விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்திற்குள் அழிக்கப்படும் என்பது இத்திட்டத்தின் விதி. இதில் சேர்வது பயணியின் விருப்பத்தைப் பொறுத்தது.

இரண்டாவது, துரிதக் குடியேற்றச் சோதனைக்கான நம்பகப் பயணியர் திட்டம். 2024 ஜூன் 22 அன்று தில்லி விமான நிலையத்தின் மூன்றாவது முனையத்தில் தொடங்கப்பட்ட இத்திட்டம், 2025 ஜனவரியில் சென்னை, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, அகமதாபாத் ஆகிய ஏழு நிலையங்களுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சிராப்பள்ளி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் ஆகிய ஐந்து நிலையங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. முதற்கட்டத்தில் இந்தியக் குடிமக்களுக்கும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை பெற்றவர்களுக்கும் கட்டணமின்றி இவ்வசதி அளிக்கப்படுகிறது. விண்ணப்பத்தை இணையத்தில் அளிக்க வேண்டும். சரிபார்ப்பு முடிந்த பின், கைரேகை, முகப்படம் ஆகியவை பதிவு செய்யப்படும். அதன் பின்னர் அவர் அலுவலரின் முன் நிற்கத் தேவையில்லை. தானியங்கி வாயிலில் போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் காட்டி, உடல் அடையாளம் பொருந்தினால் வாயில் திறக்கும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்கோ பாஸ்போர்ட் காலாவதியாகும் வரையிலோ, இவற்றில் எது முந்தையதோ அதுவரை செல்லும்.

மாணவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2011-ல் தொடங்கிய பிரீசெக் திட்டத்தில், முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட பயணிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையே ஓரளவு இலகுவாக்கப்படுகிறது. நமது திட்டங்கள் அத்தகையவை அல்ல. டிஜி யாத்ரா அடையாளச் சோதனையை விரைவாக்குகிறது. நம்பகப் பயணியர் திட்டம் குடியேற்றச் சோதனையை விரைவாக்குகிறது. உடலையும் உடைமைகளையும் சோதிக்கும் கட்டத்தில் அனைவரும் சமமே.

எது நிற்கிறது?

தடங்கல் என்பது ஒரே வகையானதன்று. எக்ஸ்ரே இயந்திரம், உலோகங்காட்டி வாயில் போன்ற கருவிகள் பெரும்பாலும் தத்தம் இடத்திலேயே இயங்குபவை. தொலைவிலுள்ள கணிப்பொறியுடன் தொடர்பு அறுந்தாலும் அவை தொடர்ந்து வேலை செய்யும். மின்தடையோ இயந்திரப் பழுதோ ஏற்பட்டால் அந்த ஒரு வரிசை மட்டும் நிற்கும்; பயணிகளை அடுத்த வரிசைக்கு மாற்றலாம்.

அடையாளச் சோதனையும் குடியேற்றச் சோதனையும் அவ்வாறல்ல. அவை மையத் தகவல் தொகுப்புடன் ஓயாது தொடர்புகொள்ள வேண்டியவை. அத்தொடர்பு அறுந்தால் ஒரு நிலையத்தின் அனைத்து வாயில்களும், சில நேரங்களில் நாடு முழுவதிலுமுள்ள வாயில்களும், ஒரே கணத்தில் நின்றுவிடும். இயந்திரப் பழுது ஒரு கிணறு வற்றுவதைப் போன்றது. மையத் தொடர்பு அறுவது ஊருக்கே நீர் தரும் ஏரியின் மதகு அடைபடுவதைப் போன்றது.

இணைய சேவையில் ஏற்படும் தடங்கல் மூன்றாவது வகை. இது கண்ணுக்குத் தெரிவதில்லை. விண்ணப்பத் தளம் செயல்படாத நாளில் விமான நிலையத்தில் கூட்டம் கூடாது. ஆனால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்த ஒருவர் தமது பதிவைத் திருத்திக்கொள்ள முடியாமற் போகலாம். சில வாரங்கள் கழித்துப் பயண நாளில் வாயில் திறக்காதபோதுதான் அவருக்கு அது தெரியவரும். 2024-ல் டிஜி யாத்ரா புதிய செயலிக்கு மாறியபோது, பழையதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவிக்கொள்ளுமாறு பயணிகள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். செய்தி எட்டாத பயணி பழைய செயலியுடன் வாயிலுக்கு வந்தால், அவரளவில் அதுவும் ஒரு தடங்கலே.

நான்காவது வகையில் இயந்திரம் எதுவும் பழுதடைவதில்லை. ஆட்கள் இல்லாமற் போகிறார்கள். அமெரிக்காவில் 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாட்கள் அரசுச் செலவினங்களுக்கு ஒப்புதல் கிடைக்காதபோது, பாதுகாப்புச் சோதனை ஊழியர்கள் சம்பளமின்றிப் பணியாற்ற வேண்டியிருந்தது. ஜனவரி 20 அன்று அவர்களில் 10 சதவீதத்தினர் பணிக்கு வரவில்லை. முந்தைய ஆண்டு அதே நாளில் இவ்விகிதம் 3.1 சதவீதமே. சில நிலையங்களில் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. குளோபல் என்ட்ரி என்னும் அந்நாட்டு நம்பகப் பயணியர் திட்டத்தின் பதிவு மையங்களும் மூடிக்கிடந்தன.

வரிசையின் கணக்கு

78 நிமிடப் பிழை ஒரு நாளை விழுங்கியதற்குக் காரணம் இரண்டு. பாதிக்கப்பட்ட கணிப்பொறிகள் பலவற்றைத் தனித்தனியே சரிசெய்ய வேண்டியிருந்தது ஒன்று. தேங்கிய வரிசை எளிதில் கரையாதது மற்றொன்று. இரண்டாவது காரணத்தை ஓர் எளிய கற்பனைக் கணக்கினால் விளக்கலாம்.

ஒரு விமான நிலையத்தில் 10 குடியேற்றச் சோதனை மேடைகள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு பயணிக்கு 2 நிமிடம் வீதம், ஒரு மேடை மணிக்கு 30 பேரையும், 10 மேடைகள் 300 பேரையும் அனுப்பும். மணிக்கு 270 பயணிகள் வருகின்றனர். எல்லாம் சீராக நடக்கிறது.

இப்போது கணிப்பொறி ஒரு மணி நேரம் நிற்கிறது. அலுவலர்கள் ஆவணங்களைக் கையால் சரிபார்க்கின்றனர். ஒருவருக்கு 5 நிமிடம் ஆகிறது. அந்த ஒரு மணியில் 120 பேர் மட்டுமே செல்ல முடியும். 150 பேர் தேங்கி நிற்பர். கணிப்பொறி மீண்ட பிறகு மணிக்கு 300 பேரை அனுப்பலாம். ஆனால் புதிதாக 270 பேர் வந்துகொண்டே இருக்கிறார்கள். எனவே தேக்கத்திலிருந்து மணிக்கு 30 பேர் மட்டுமே குறைவர். 150 பேர் குறைய 5 மணி நேரம் ஆகும். தடங்கல் இரண்டு மணி நேரம் நீடித்தால் தேக்கம் 300. அது தீர 10 மணி நேரம். அப்போது ஒருவர் வரிசையில் நிற்கும் நேரமும் ஒரு மணியைத் தாண்டிவிடும். இரவில் பயணிகளின் வருகை குறைந்தால் தேக்கம் சற்று விரைவில் தீரலாம். பரபரப்பான நேரமாயின் இதனினும் மோசமாகலாம்.

இதே நிலையத்தில் மணிக்கு 200 பேர் மட்டும் வருவதாகக் கொண்டால், தேக்கம் 80. மீட்சி வேகம் மணிக்கு 100. எல்லாம் 48 நிமிடங்களில் சரியாகிவிடும். வருகை கால் பங்குக்குச் சற்றே அதிகமாகக் குறைந்ததால், மீளும் காலம் 5 மணியிலிருந்து ஒரு மணிக்கும் குறைவாயிற்று. தடங்கலின் நீளத்தைவிட, நிலையத்தில் எஞ்சியிருக்கும் உபரித் திறனே பயணியின் துன்பத்தை முடிவு செய்கிறது என்பது இதனால் விளங்கும். பொருளாதாரக் கணக்கில் ‘பயன்படுத்தப்படாத திறன்’ என்று குறைகூறப்படுவது, தடங்கல் நாளில் சேவையின் உயிர்நாடியாக அமைகிறது.

தானியங்கி வாயில்களால் இக்கணக்கில் ஒரு புதிய சிக்கல் சேர்கிறது. வரும் 270 பேரில் 90 பேர் தானியங்கி வாயில்கள் வழியே செல்கின்றனர் எனக் கொள்வோம். மீதமுள்ள 180 பேருக்கு 7 மேடைகள் போதும் என்று 3 மேடைகளின் அலுவலர்கள் வேறு பணிக்கு அனுப்பப்படுகின்றனர். இது நியாயமான சிக்கனமே. ஆனால் வாயில்கள் நிற்கும் நாளில் 270 பேரும் 7 மேடைகளுக்கே வர வேண்டும். அவற்றின் திறன் மணிக்கு 210. மேடைகளிலுள்ள கணிப்பொறிகள் யாவும் நன்றாக இயங்கினாலும் மணிக்கு 60 பேர் தேங்குவர். நம்பகப் பயணிக்குரிய வாயில் நின்றதன் விளைவை, அத்திட்டத்தில் சேராத சாதாரணப் பயணியும் சுமக்கிறார்.

வெளிநாட்டு அனுபவம்

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2019 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் கணிப்பொறி அமைப்பு சுமார் இரண்டு மணி நேரம் தடைபட்டது. நாடெங்கும் சர்வதேச விமானங்களில் வந்திறங்கியவர்கள் நீண்ட வரிசைகளில் நின்றனர். அலுவலர்கள் மாற்று ஏற்பாடுகளைக் கொண்டு பணியைத் தொடர்ந்தனர். 2017 ஜனவரி 2 அன்றும், விடுமுறை முடிந்து மக்கள் திரும்பும் நேரத்தில், இத்தகைய தடங்கல் ஏற்பட்டிருந்தது.

பிரிட்டனில் 2024 மே 7 அன்று மாலை, நாட்டின் தானியங்கி எல்லை வாயில்கள் ஒருங்கே நின்றன. 15 விமான, ரயில் முனையங்களில் 270-க்கும் மேற்பட்ட வாயில்கள் அந்நாட்டில் உள்ளன. நள்ளிரவுக்குப் பின்னரே அவை மீண்டும் திறந்தன. அதுவரை ஒவ்வொரு பயணியின் பாஸ்போர்ட்டையும் அலுவலர்கள் நேரில் சரிபார்த்தனர். 2025 செப்டம்பர் 19 இரவு, காலின்ஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் பயணிப் பதிவு மென்பொருள் பணயத் தாக்குதலுக்கு உள்ளானபோது, லண்டன் ஹீத்ரோ, பிரஸ்ஸல்ஸ், பெர்லின் விமான நிலையங்கள் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டன. பல நிலையங்கள் ஒரே மென்பொருளைப் பகிர்ந்துகொள்வது சிக்கனமானது. ஆனால் ஆபத்தையும் அவை பகிர்ந்துகொள்கின்றன.

நம் நாட்டில் 2025 நவம்பரில் தில்லி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் தானியங்கிச் செய்தி அமைப்பு பழுதடைந்தது. இது பயணிகள் சோதனையைச் சேர்ந்ததன்று. எனினும் பாடம் ஒன்றே. விமானங்களின் பயணத் திட்ட விவரங்களை அலுவலர்கள் கையால் கையாள வேண்டியிருந்தது. 800-க்கும் அதிகமான விமானங்கள் தாமதமாயின. கையால் செய்யத் தெரிந்தவர்கள் அங்கு இருந்ததனால்தான் விமானங்கள் தாமதமாகவேனும் புறப்பட்டன.

ஒரு மாலையின் பாடம்

இதுவரை கூறியவை காலத்தைப் பற்றியவை. பாதுகாப்புச் சோதனையில் தடங்கல் ஏற்படும்போது உயிரும் பணயமாகிறது. இதை நம் நாடு மிகுந்த துயரத்துடன் அறிந்துள்ளது.

1985 ஜூன் 22 அன்று மாலை, கனடாவின் டொரண்டோ விமான நிலையத்தில் ஏர் இந்தியாவின் 182-ம் எண் விமானத்திற்கான பெட்டிகள் எக்ஸ்ரே இயந்திரத்தினால் சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. பாதி வேலையில் இயந்திரம் நின்றுவிட்டது. எஞ்சிய பெட்டிகள் கையடக்கமான வெடிமருந்து மோப்பக் கருவி ஒன்றினால் சோதிக்கப்பட்டன. அக்கருவி நம்பத்தகுந்ததல்ல என்பது முன்னரே நடந்த ஒரு செயல்விளக்கத்தில் தெரியவந்திருந்தது. மறுநாள், ‘கனிஷ்கா’ என்னும் அவ்விமானம் அயர்லாந்துக்கு அப்பால் கடலின் மேல் குண்டு வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 329 பேரும் மாண்டனர்.

இயந்திரம் நின்றதே இப்பேரழிவின் காரணம் என்று கூறுவது சரியாகாது. விமானத்தில் ஏறாத ஒருவரின் பெட்டி அதில் ஏற்றப்பட்டது உள்படப் பல குறைகளை நீதிபதி ஜான் மேஜர் தலைமையிலான கனடிய விசாரணை ஆணையம் 2010-ல் வெளியிட்ட அறிக்கையில் விரிவாக எடுத்துக்காட்டியது. ஆயினும் அம்மாலை நடந்தது, தடங்கலைப் பற்றிச் சிந்திக்கும் ஒவ்வோர் அலுவலரும் நினைவிற்கொள்ள வேண்டிய ஒன்று. இயந்திரம் நின்றபோது மாற்று ஏற்பாடு இல்லாமலில்லை. ஆனால் அது பெயரளவிலான ஏற்பாடாக இருந்தது. விமானம் புறப்பட வேண்டும் என்ற நெருக்கடியில் பெயரளவிலான சோதனையும் சோதனையாக ஏற்கப்பட்டது. நமது பாதுகாப்புப் பணியகம் 1987-ல் தனித்துறையாக்கப்பட்டதற்கு இத்துயரமே பின்னணி.

தடங்கல் ஏற்படும்போது அலுவலரின் முன் இரண்டு வழிகள் உள்ளன. சோதனையைத் தளர்த்தாமல் வரிசையை நீளவிடலாம். அல்லது வரிசையைக் குறைக்கச் சோதனையைத் தளர்த்தலாம். முதல் வழியே சரியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆயிரம் பேர் பொறுமையிழந்து நிற்கும் கூடத்தில், விமானங்கள் ஒவ்வொன்றாகப் புறப்படும் நேரத்தில், அதில் உறுதியாக நிற்பது எளிதன்று. எக்ஸ்ரே படங்களைப் பார்ப்பவரை விரைவுபடுத்தவும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் சாதாரணமாகத் தொடர்ந்து 20 நிமிடங்களுக்கு மேல் அப்படங்களைப் பார்க்கலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அதற்குப் பின் கவனம் தளரும். ஆகவே அலுவலரின் மன உறுதியை மட்டும் நம்பியிருப்பது நிர்வாகமாகாது. அவர் உறுதியாக நிற்பதற்குத் தேவையான கூடுதல் ஆட்களும் கருவிகளும் அவருக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

சுமை யாருடையது?

தடங்கலின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. அடிக்கடி பறக்கும் வணிகர் அடுத்த விமானத்தில் இடம் பெற்றுவிடுவார். வளைகுடா நாட்டிற்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளி ஒருவர், விசாவில் குறித்த தேதிக்குள் அங்கு சென்று சேர வேண்டியவராக இருக்கலாம். விமானம் தவறினால் அவருக்குப் புதிய சீட்டின் விலையோடு வேலையும் கேள்விக்குறியாகிவிடும். சிகிச்சைக்குச் செல்பவர், தேர்வுக்குச் செல்லும் மாணவர், இறந்தவரின் முகத்தைக் காணச் செல்லும் உறவினர் ஆகியோருக்கு இழந்த நேரத்தை ஈடுசெய்ய வழியில்லை. இவர்களிற் பலர் விரைவு வசதிகளில் பதிவு செய்துகொள்ளாதவர்கள். சாதாரண வரிசையின் திறனைப் பேணுவது இவர்களுக்குச் செய்யும் நியாயமாகும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, தானியங்கி வாயில்களால் மிச்சமாகும் அலுவலர்கள் அனைவரையும் நிலையத்தைவிட்டு அகற்றிவிடக் கூடாது. அவர்களுக்கு அதே கட்டடத்தில் வேறு பணி அளித்து, அழைத்த சில நிமிடங்களில் மேடைக்குத் திரும்பும் வகையில் வைத்திருக்கலாம். நமது கணக்கில் அந்த 3 மேடைகள் திறந்தால் திறன் மீண்டும் 300 ஆகும். வாயில்கள் நின்றாலும் தேக்கம் ஏற்படாது.

இரண்டாவதாக, கையால் செய்யும் முறை நடைமுறையில் உயிரோடிருக்க வேண்டும். கணிப்பொறி வந்த பின்னர் பணியில் சேர்ந்த இளம் அலுவலர் காகிதத்தைக் கொண்டு பணியாற்றியிருக்க மாட்டார். தீயணைப்பு ஒத்திகையைப் போல, பயணிகள் குறைந்த நேரங்களில் கணிப்பொறியின்றிப் பணியாற்றும் ஒத்திகை நடத்தப்பட வேண்டும். அவ்வாறு பயிற்சி பெற்ற கூடுதல் ஆட்களைக் கொண்டு, தடங்கல் நேரத்தில் 120 பேருக்குப் பதிலாக 200 பேரை அனுப்ப முடிந்தால், தேக்கம் 150-லிருந்து 70 ஆகக் குறையும். மீளும் காலம் 5 மணியிலிருந்து 2 மணி 20 நிமிடமாகும்.

மூன்றாவதாக, மென்பொருள் திருத்தங்களை எல்லா நிலையங்களிலும் ஒரே வேளையில் செய்யலாகாது. ஓரிடத்தில் செய்து பார்த்து, பிழையில்லை என்று கண்ட பின்னரே மற்ற இடங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒப்பந்தங்களிலும் இதற்கான விதி இடம்பெற வேண்டும்.

நான்காவதாக, மாற்றுக் கருவியும் மாற்று முறையும் முதன்மைச் சோதனைக்கு நிகரான பாதுகாப்பைத் தருபவை என்று முன்கூட்டியே மெய்ப்பிக்கப்பட வேண்டும். மெய்ப்பிக்க இயலாதவற்றை மாற்று என்று ஏட்டில் எழுதிவைப்பது, மாற்று இல்லாமலிருப்பதைவிட ஆபத்தானது.

ஐந்தாவதாக, இணைய சேவைகளில் தடங்கல் ஏற்பட்டால் அதை உடனே அறிவிப்பதும், அந்நாட்களில் காலாவதியாகும் பதிவுகளுக்கு அவகாசம் அளிப்பதும் வழக்கமாக வேண்டும். விமான நிலையத்தில் தடங்கல் ஏற்படும்போது ஐந்து அமைப்புகளும் ஐந்து விதமாகப் பேசாமல், ஒரே பொறுப்பாளர் மூலம் பயணிகளுக்குச் செய்தி சொல்ல வேண்டும்.

இறுதியாக, ஒவ்வொரு தடங்கலுக்கும் கணக்கு எழுதப்பட வேண்டும். கணிப்பொறி எத்தனை நிமிடங்கள் நின்றது என்பதோடு அக்கணக்கு முடிந்துவிடக் கூடாது. வரிசை கரைய எத்தனை மணி நேரம் ஆயிற்று, எத்தனை பேர் விமானத்தைத் தவறவிட்டனர் என்பதையும் அது பதிவு செய்ய வேண்டும். இவற்றை எண்ணிப் பார்க்காதவரை, உபரி அலுவலர்களுக்கான செலவு ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் வீண்செலவாகவே தோன்றும்.

முடிவுரை

நமது விமான நிலையங்கள் விரைவடைவது வரவேற்கத்தக்க வளர்ச்சியே. பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று எவரும் கூறமாட்டார்கள். ஆனால் எந்தக் கணிப்பொறியும் என்றேனும் ஒரு நாள் நிற்கும். அந்நாளில் பேனாவை எடுத்து போர்டிங் பாஸ் எழுதத் தெரிந்த ஊழியரும், பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த அலுவலரும், வரிசை எவ்வளவு நீண்டாலும் ஒரு பெட்டியைக்கூடச் சோதிக்காமல் விடாத காவலரும் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அவர்களுக்காகச் செய்யப்படும் செலவையும் விரைவு வசதிக்கான செலவின் ஒரு பகுதியாகவே திட்டமிடுவோர் கொள்ள வேண்டும்.